ஐந்து பேர் நின்ற படம்: கறுப்பின இளம்பெண்களின் போராட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உகாண்டாவின் பருவநிலைப் போராளி வனெஸ்ஸா நகாட்டே பற்றியோ, சிறுவயதிலேயே நல்ல குடிநீருக்காகக் குரல் கொடுத்த அமெரிக்காவின் மாரி கோப்பனி பற்றியோ பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம். அந்தக் கதைகளைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் புகைப்படத்தில் என்னதான் நடந்தது?

2020 ஜனவரி 24. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மன்றம் கூடியிருந்தது. பருவநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் ஐந்து இளம்பெண்கள் அங்கே செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். பனி மூடிய மலைகள் பின்னால் தெரிய, ஐந்து பேரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுவீடனின் கிரெட்டா துன்பர்க்கை எல்லோருக்கும் தெரியும். அவரோடு லூயிசா நொய்பவர், இசபெல் அக்செல்சன், லூகினா டீல். இடது ஓரத்தில் வனெஸ்ஸா நகாட்டே. ஐவரில் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான்.

ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது.

நகாட்டேயின் பின்னால் ஒரு கட்டடம் தெரிந்தது, அது படத்தின் அழகைக் கெடுத்தது, அதனால்தான் வெட்டினோம் என்று முதலில் விளக்கம் வந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டடம் இருக்கிறது, உண்மைதான். அதற்கு முன்னால் ஒரு மனுஷி நிற்கிறாள் என்பதும் உண்மைதானே? ராய்ட்டர்ஸ் நிறுவனமோ வேறொரு தவறு செய்தது. நகாட்டேயின் படத்தைப் போட்டு, ஜாம்பியா நாட்டின் நட்டாஷா முவான்சா என்று பெயர் எழுதியது.

நகாட்டே அழுதபடியே ஒரு காணொளி வெளியிட்டார். இனவெறி என்ற சொல்லின் பொருள் வாழ்க்கையில் முதல்முறையாக இப்போதுதான் புரிகிறது என்றார். நீங்கள் ஒரு படத்தை மட்டும் அழிக்கவில்லை, ஒரு கண்டத்தையே அழித்துவிட்டீர்கள் என்று ட்விட்டரில் எழுதினார். ஏபி மன்னிப்புக் கேட்டது. முழுப் படமும் வெளியானது.

அந்த வெட்டு ஒருவரைப் புண்படுத்தியது என்பதோடு விஷயம் முடியவில்லை. வறட்சியும் வெள்ளமும் முதலில் வந்து அடிக்கும் இடத்திலிருந்து ஒருவர் கிளம்பி வந்திருக்கிறார். அவர் படத்தில் இல்லை என்றால், அவர் சொன்னதும் செய்தியில் இருக்காது. அதுதான் நடந்தது.

வனெஸ்ஸா நகாட்டே யார்? எப்படி ஆரம்பித்தார்?

1996 நவம்பரில் பிறந்தவர், உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வளர்ந்தவர். மக்கெரேரே பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியில் படித்தார். சுற்றுச்சூழல் அவருடைய பாடமே இல்லை. ஊரில் வெயில் வழக்கத்துக்கு மாறாக ஏறுவதையும், வெள்ளமும் நிலச்சரிவும் கிராமங்களை அழிப்பதையும் பார்த்துவிட்டுத் தானே தேடிப் படிக்க ஆரம்பித்தார்.

2019 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப்பிறந்தவர்களையும் உறவுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கையில் எழுதிய அட்டைகளோடு கம்பாலா தெருவில் நின்றார். அப்புறம் பல வாரங்கள் நாடாளுமன்ற வாசலில் தனி ஆளாக நின்றார். ஐரோப்பாவில் பிள்ளைகள் பருவநிலைக்காக வெள்ளிக்கிழமை தோறும் பள்ளியைப் புறக்கணித்த காலம் அது. உகாண்டாவில் அப்படிச் செய்ய முடியாது. கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் பெற்றோர் ஒப்ப மாட்டார்கள், பள்ளியும் வெளியே அனுப்பிவிடும். பொது இடத்தில் கூட்டம் சேர்வதற்கே 2013இல் வந்த சட்டத்தின்படி காவல்துறையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. அதனால் நகாட்டே பிள்ளைகளைத் தெருவுக்கு அழைக்காமல் தானே பள்ளிகளுக்குப் போனார். உகாண்டாவுக்குப் பொருந்தும் முறையை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இவர்கள் எல்லாம் கிரெட்டாவைப் பார்த்துக் கிளம்பியவர்கள்தானே?

நகாட்டே அப்படித்தான் ஆரம்பித்தார், அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அப்படி இல்லை. மாரி கோப்பனி தன் ஊர்க் குடிநீர்ப் பிரச்சினைக்காக 2016லேயே அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதிவிட்டார். கிரெட்டா பள்ளியைப் புறக்கணித்து சுவீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே உட்கார்ந்தது 2018 ஆகஸ்டில். கென்யாவின் எலிசபெத் வத்துத்தி பள்ளிகளில் மரம் நடும் தன் அமைப்பைத் தொடங்கியதும் 2016இல். அவருக்கு முன்னோடி வங்காரி மாத்தாய். பசுமை வளைய இயக்கத்தை 1977இல் தொடங்கி, 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆப்பிரிக்கப் பெண்களில் அந்தப் பரிசை முதலில் பெற்றவரும் அவர்தான். மாத்தாய் பிறந்த நியேரி மாவட்டம்தான் வத்துத்திக்கும் சொந்த ஊர்.

சுற்றுச்சூழலுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்? புகைக்கு நிறம் தெரியுமா?

புகைக்குத் தெரியாது. புகைபோக்கியை எங்கே கட்டுவது என்று முடிவெடுப்பவருக்குத் தெரியும்.

1982இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். சாலையோரங்களில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணை அள்ளி எங்காவது புதைக்க வேண்டியிருந்தது. மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த ஏழை மாவட்டமான வாரன் கவுண்டி. நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும் ஊர் அது. குடிக்கக் கிணற்று நீர்தான். மக்கள் லாரிகளின் முன்னால் படுத்தார்கள். சில வாரங்களில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் டாலி பர்வெல். பள்ளி வயதில் இருந்த அவருடைய மகளும் கைதானாள்.

லாரிகளை நிறுத்த முடியவில்லை. ஆனால் அதன் பிறகு எந்த ஊரில் நச்சுக் குப்பை கொட்டப்படுகிறது என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். 1987இல் ஒரு தேவாலய அமைப்பின் இன நீதி ஆணையம் நாடு முழுவதும் ஆய்ந்து அறிக்கை வெளியிட்டது. நச்சுக் கழிவு ஆலை எங்கே அமைகிறது என்பதை வருமானத்தைவிட இனமே தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது என்றது அந்த அறிக்கை. சுற்றுச்சூழல் இனவெறி என்ற சொல் பரவியது இந்தக் காலத்தில்தான்.

'கறுப்பின' என்று எழுதுவது சரியா?

சரி. அவர்களே தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள், பெருமையோடு. நம் பழைய பாடநூல்களில் இருந்த 'நீக்ரோ' என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும் என்று நெடுநாள் கோரிக்கை இருந்தது. 2020 ஜூனில் ஏபி நிறுவனமும் தன் நடைக் கையேட்டில் அதை ஏற்றது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. நாம் காட்டக்கூடிய மரியாதை, பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்வதுதான்.

ஃபிளின்ட் ஊரில் என்ன நடந்தது?

மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற நகரம். அப்போது சுமார் ஒரு லட்சம் பேர், பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஒரு காலத்தில் கார் தொழிற்சாலைகளால் வாழ்ந்த ஊர், ஆலைகள் மூடியதும் நொடித்துப்போனது. நகராட்சி கடனில் இருந்ததால் மாநில ஆளுநர் நியமித்த அதிகாரியே நிர்வாகம் பார்த்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரிடமும் மன்றத்திடமும் அதிகாரம் இல்லை.

செலவைக் குறைக்க, 2014 ஏப்ரல் 25 அன்று குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை வந்தது டெட்ராய்ட் வழியாக ஹூரான் ஏரித் தண்ணீர். ஆற்று நீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அப்படிப்பட்ட தண்ணீரில் பாஸ்பேட் கலந்தால் அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து ஈயம் கரையாமல் காக்கும். அதைக் கலக்கவில்லை. நாளுக்கு நூறு டாலர் அளவில் முடிந்திருக்கும் வேலை அது என்று நிபுணர்கள் பின்னால் கணக்குச் சொன்னார்கள். பழைய படலம் அரித்துப்போனது, ஈயம் தண்ணீரில் இறங்கியது.

குழாயைத் திறந்தால் பழுப்பாக வந்தது. குளித்தால் உடம்பில் தடிப்பு. மக்கள் போத்தல்களில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் காட்டினார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றே பதில் வந்தது. இதற்கு நடுவில் 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், உதிரிபாகங்கள் அரிக்கின்றன என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிவிட்டது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரை அதற்குப் பிறகும் ஒரு வருடம் குழந்தைகள் குடித்தார்கள். இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டீஷா என்ற குழந்தைகள் மருத்துவர், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கணக்கோடு வெளியிட்டார். அக்டோபரில் பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள். அதற்குள் குழாய்கள் கெட்டிருந்தன. அதே காலத்தில் பரவிய, நுரையீரலைத் தாக்கும் லீஜனேர் நோயில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள்.

எட்டு வயதில் மாரி அதிபருக்கு எழுதிய கடிதத்தால் என்ன ஆகிவிடும்? பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததுதானே?

எந்தக் குழந்தைக்கும் பெரியவர் துணை வேண்டும். மாரிக்கும் அம்மா துணை இருந்தது. ஆனால் பழுப்புத் தண்ணீரில் குளித்து உடம்பெல்லாம் தடித்தது மாரிக்குத்தான். அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2007இல் பிறந்த மாரி கோப்பனிக்கு, ஒரு குழந்தைகள் அழகுப் போட்டியில் கிடைத்த பட்டத்தால் 'லிட்டில் மிஸ் ஃபிளின்ட்' என்று பெயர். 2016இல், நாடாளுமன்ற விசாரணையைப் பார்க்க ஊர்க்காரர்களோடு பஸ்ஸில் வாஷிங்டன் போகிறேன், அங்கே உங்களைச் சந்திக்க முடியுமா என்று அதிபர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார். ஒபாமா பதில் எழுதியதோடு, அந்த மே 4ஆம் தேதி ஃபிளின்ட்டுக்கே வந்தார். ஓடிவந்த சிறுமியை அவர் அணைத்துக்கொள்ளும் படம் உலகமெல்லாம் போனது. அந்த ஆண்டின் இறுதியில் குழாய்ச் சீரமைப்புக்காக 10 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். கடிதம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்குப் பின்னால் ஊரின் பல தாய்மார்களும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். கடிதம் செய்தது வேறு. ஃபிளின்ட் என்ற பெயருக்கு ஒரு முகம் கிடைத்தது.

அதற்குப் பிறகு மாரி செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தண்ணீர்ப் போத்தல்களைத் திரட்டி விநியோகித்தார். அப்புறம் யோசித்தார்: இத்தனை பிளாஸ்டிக் போத்தல் எங்கே போகும்? ஃபிளின்ட் போல ஈயக் குழாய் உள்ள மற்ற ஊர்களுக்கு என்ன வழி? 2019இல் ஒரு வடிகட்டி நிறுவனத்தோடு சேர்ந்து, தேவைப்படும் ஊர்களுக்குத் தண்ணீர் வடிகட்டிகள் அனுப்ப ஆரம்பித்தார். அப்போது அவருடைய வயது 12ஐத் தாண்டவில்லை.

பள்ளி மாணவர்கள் உண்மையிலேயே ஒரு ஆலையைத் தடுத்திருக்கிறார்களா?

ஆம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரின் தென் ஓரத்தில், கர்ட்டிஸ் பே என்ற பகுதியில்.

துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு அது. கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையர்களும் லத்தீன் குடும்பங்களும் கலந்து வாழ்கிறார்கள். நிலக்கரிக் குவியல், எண்ணெய்க் கிடங்கு, ரசாயன ஆலை, மருத்துவக் கழிவு எரியுலை எல்லாம் ஏற்கெனவே அங்கே உண்டு. அங்கேயே நாட்டின் மிகப்பெரிய குப்பை எரியுலை ஒன்றைக் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி வாங்கியது. நாளுக்கு 4,000 டன் குப்பை எரிக்கும் திட்டம். ஆண்டுக்கு 240 பவுண்டு பாதரசமும் 1,000 பவுண்டு ஈயமும் வெளியிட அனுமதி. இடம், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவு.

அந்தப் பள்ளியில் படித்தவர் டெஸ்டினி வாட்ஃபர்ட். அக்கம்பக்கத்தில் ஆஸ்துமா இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்த ஊர். அவரும் தோழர்களும் 'ஃப்ரீ யுவர் வாய்ஸ்' என்று ஒரு குழு அமைத்து வீடு வீடாகப் போனார்கள். எரியுலை வரப்போவதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ, நம் ஊரில் எப்போதும் இப்படித்தான், என்ன செய்ய முடியும் என்றார்கள்.

இவர்கள் ஆவணங்களைப் புரட்டினார்கள். அங்கேதான் திருப்பம் கிடைத்தது. அந்த ஆலை தயாரிக்கும் மின்சாரத்தை வாங்கப் பல பொது அமைப்புகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தன, அவற்றில் ஒன்று பால்டிமோர் நகரப் பள்ளி நிர்வாகமே. அதாவது, தங்கள் பள்ளியின் பக்கத்தில் நச்சுப் புகை விடப்போகும் ஆலைக்குத் தங்கள் பள்ளியே வாடிக்கையாளர். பிள்ளைகள் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனார்கள். வரைபடம், கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள், தாங்களே எழுதிய பாட்டையும் பாடினார்கள். 2015இல் பள்ளி வாரியமும் மற்ற வாடிக்கையாளர்களும் ஒப்பந்தத்தை விட்டு விலகினார்கள். வாங்க ஆளில்லாத மின்சாரத்துக்கு ஆலை கட்ட யார் பணம் போடுவார்? அடுத்ததாக, கட்டுமானம் நெடுநாள் நின்றுபோனதால் அனுமதியே காலாவதியாகிவிட்டது என்ற சட்ட வாதத்தை ஊர்மக்களும் அமைப்புகளும் கையில் எடுத்தார்கள். 2016 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, அனுமதி செல்லாது என்று அறிவித்தது. அடுத்த மாதம், 20 வயதில், டெஸ்டினிக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

கோஷத்தால் மட்டும் இது நடக்கவில்லை. யார் பணம் கொடுக்கிறார்கள் என்று தேடிப் பிடித்த வேலை இது. போராட்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஏன் குறிப்பாகப் பெண்கள்?

கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் தண்ணீர் எடுப்பதும் விறகு சுமப்பதும் பெண்கள் தலையில்தான். ஓடை வற்றினால் நடக்கும் தூரம் கூடும். தூரம் கூடினால் முதலில் பள்ளியை விட்டு நிற்பவள் மூத்த மகள். வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லாத வறட்சிக் காலத்தில் சிறுவயதுத் திருமணங்கள் கூடுகின்றன. நகாட்டே போகுமிடமெல்லாம் இதைச் சொல்கிறார். பெண் பிள்ளைகள் படிப்பதும் பருவநிலைக்கான தீர்வுதான் என்பது அவர் வாதம்.

உகாண்டாவின் இன்னொரு போராளி ஹில்டா ஃபிளேவியா நகபுயே. பாட்டியின் தோட்டம் மழையிலும் வெயிலிலும் அழிந்து, கட்டணம் கட்ட வழியில்லாமல் சில மாதங்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தவர். விக்டோரியா ஏரிக் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் வேலையை இளைஞர்களைத் திரட்டிச் செய்துவருகிறார்.

இது பருவநிலையோடு நிற்கிறதா? காவல்துறை வன்முறைக்கு எதிரான போராட்டங்களோடு தொடர்பு உண்டா?

உண்டு. 'கறுப்பின உயிர்களும் முக்கியம்' என்ற முழக்கத்தை 2013இல் இயக்கமாக்கியவர்கள் அலிசியா கார்ஸா, பாட்ரிஸ் கல்லர்ஸ், ஓபல் டொமேட்டி என்ற மூன்று கறுப்பினப் பெண்கள்.

லியா தாமஸ் என்ற இளம்பெண்ணின் கதை அந்தப் போராட்டத்தையும் சுற்றுச்சூழலையும் இணைக்கிறது. மிசூரி மாநிலத்தில் ஃபெர்குசனுக்குப் பக்கத்து ஊர்க்காரர். 2014இல் அங்கே மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைக் காவலர் சுட்டுக்கொன்றபோது லியா கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் தெருவெல்லாம் கண்ணீர்ப் புகை, வகுப்பில் காற்று மாசு பற்றிப் பாடம். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபோது, மக்களைக் காக்காமல் பூமியைக் காக்க முடியாது என்ற கருத்தைச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அது பரவி, ஒரு அமைப்பும் உருவானது. வாவா கத்தேரு என்ற இன்னொருவர் 2021இல் 'பிளாக் கேர்ள் என்விரான்மென்டலிஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சுற்றுச்சூழல் துறை வேலைகளில் கறுப்பினப் பெண்கள் நுழையவும், நுழைந்தவர்கள் மனம் வெறுத்து வெளியேறாமல் நிலைக்கவும் வழி செய்வது அதன் நோக்கம்.

ஆப்பிரிக்காவுக்கு எண்ணெய் வருமானம் வேண்டாமா? பணக்கார நாடுகள் எரித்துத்தானே வளர்ந்தன?

நியாயமான கேள்வி. உகாண்டா அரசும் இதைத்தான் கேட்கிறது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஆப்பிரிக்காவின் பங்கு 4 சதவீதம் அளவுக்குத்தான். சுமார் 60 கோடி ஆப்பிரிக்கர்களுக்கு மின்சாரமே இல்லை. இப்படிப்பட்ட கண்டத்தைப் பார்த்து, எண்ணெயைத் தொடாதே என்று ஐரோப்பாக்காரர் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் சொல்வது நகாட்டே, கம்பாலாக்காரர். அவர் எதிர்ப்பது கிழக்கு ஆப்பிரிக்கக் கச்சா எண்ணெய்க் குழாயை. உகாண்டாவின் ஹொய்மாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர். உகாண்டா எண்ணெய் மெழுகுபோல உறையக்கூடியது, அதனால் வழி முழுக்க சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கியே அனுப்ப வேண்டும். குழாய் விக்டோரியா ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி வழியாகப் போகிறது. கோடிக்கணக்கான மக்களுக்குத் தண்ணீரும் மீனும் தரும் ஏரி அது. முன்னின்று நடத்துவது பிரான்சின் டோட்டல் எனர்ஜீஸ், கூடவே சீனாவின் எண்ணெய் நிறுவனம். எண்ணெய் ஏற்றுமதிக்குப் போகிறது. இருட்டில் இருக்கும் கிராமத்துக்கு இதனால் விளக்கு வருமா என்று அவர் கேட்கிறார். எனக்கு அந்தக் கேள்வி சரியாகவே படுகிறது. நிலத்தை இழந்த குடியானவருக்கு இழப்பீடு வர வருடக்கணக்கில் ஆனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணக்கார நாடுகளிடமும் அவர் கணக்குக் கேட்கிறார். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009இல் வாக்குக் கொடுத்தார்கள். அந்தத் தொகையை முதன்முதலில் எட்டியது 2022இல்தான். அதே 2022இல் நகாட்டே யுனிசெஃப் குழுவோடு கென்யாவின் துர்க்கானா பகுதிக்குப் போனார். மழைப் பருவங்கள் தொடர்ந்து பொய்த்துப்போன நேரம். மருத்துவமனையில் ஊட்டச்சத்தின்றிக் கிடந்த ஒரு சிறுவனைப் பார்த்ததாகவும், அன்று மாலைக்குள் அவன் இறந்துவிட்டதாகவும் பின்னர் சொன்னார். பருவநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் நிதி என்று மாநாட்டில் பேசும்போது அவர் மனத்தில் இருப்பது அந்தச் சிறுவன்.

மேடைப் பேச்சைத் தாண்டி என்ன செய்கிறார்கள்?

அடுப்பு கட்டுகிறார்கள்! உகாண்டாவில் பள்ளிச் சாப்பாடு என்றால் சோள மாவுக் களியும் பீன்ஸும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பெரிய பானைகளில் விறகு வைத்துச் சமைக்கிறார்கள். பழைய அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் வெளியே போகும், புகை சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். நகாட்டே 2019இல் தொடங்கிய பசுமைப் பள்ளித் திட்டம், கிராமப் பள்ளிகளில் சூரிய மின் தகடுகளும், விறகைக் குறைவாகக் கேட்கும் அடுப்புகளும் பொருத்துகிறது. ஒரே அடுப்பில் காட்டுக்கும் நன்மை, சமையல்காரரின் நுரையீரலுக்கும் நன்மை. பிள்ளைகளுக்கு இரவில் படிக்க விளக்கு.

வத்துத்தி பள்ளிகளில் நடுவதில் பழ மரங்கள் முக்கியம். பிள்ளை நட்ட மரம் பிள்ளைக்கே பழம் தர வேண்டும் என்பது எண்ணம். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டின் தொடக்கத்தில் பேசியபோது, என் நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியின் விளிம்பில் இருக்கிறார்கள் என்று சொல்லி, உலகத் தலைவர்களைச் சற்று நேரம் மௌனமாக இருக்கச் சொன்னார். மாநாட்டில் பேச்சு நேரத்துக்கு எவ்வளவு அடிதடி என்று தெரிந்தவர்களுக்கு, கிடைத்த நேரத்தில் மௌனத்தைக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதும் தெரியும்.

நீதிமன்றம் வழியாக முயன்றிருக்கிறார்களா?

2019 செப்டம்பரில் 16 சிறுவர் சிறுமியர் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடம் அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய ஐந்து நாடுகள்மீது புகார் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் அயாக்கா மெலித்தாஃபா. 2018இல் கேப்டவுன் நகரில் குழாய்களையே மூடிவிடும் அளவுக்கு வறட்சி வந்தபோது பள்ளி மாணவி. இந்தியாவின் ரிதிமா பாண்டேயும் அந்தப் பதினாறு பேரில் உண்டு. முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லி, 2021இல் குழு புகாரை ஏற்க மறுத்தது. ஆனாலும், ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டுக் குழந்தையைப் பாதித்தால் அந்த நாட்டுக்குப் பொறுப்பு உண்டு என்று அதே முடிவில் எழுதியது. அந்த வரி பெரிய வரி.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது இவர்களோடு மேடையில் நின்றிருக்கிறார்களா?

அதே கிளாஸ்கோ மாநாட்டில், வத்துத்தி பேசியதற்கு அடுத்த நாள், திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பேசினார். வயது 15. கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர்.

இவர்களுக்கு வரும் எதிர்ப்பு எப்படிப்பட்டது?

கறுப்பினத்தவர், பெண், வயது குறைவு என்று மூன்று பக்கமும் அடி விழும். நகாட்டே தெருவில் நின்றபோது, வேலைவெட்டி இல்லாதவள், மாப்பிள்ளை தேடுகிறாள் என்பது போன்ற ஏச்சுகள் வந்தன. கம்பாலாவில் எண்ணெய்க் குழாயை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் பலமுறை கைதாகியிருக்கிறார்கள். மாரிக்குச் சிறுவயதிலேயே இணையத்தில் இனவெறி வசைகள் வந்தன.

இன்னொரு வகைச் சுமையும் உண்டு, அது பாராட்டு வடிவில் வரும். 'நீங்கள்தான் எங்கள் நம்பிக்கை' என்று தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், முடிவெடுக்கும் அறைக் கதவை மூடிக்கொள்வார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று பலர் வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாம் வெற்றியில் முடிந்ததா?

இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் குழாயின் கட்டுமானம் நிற்கவில்லை, பல வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விலகிக்கொண்டதோடு சரி. ஃபிளின்ட் மக்களுக்கு 60 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு என்று தீர்வு எழுதப்பட்டது, பணம் கைக்கு வராமல் ஆண்டுகள் பல ஓடின. ஈயம் குழந்தையின் மூளைக்குச் செய்த கேட்டைச் சரிசெய்ய மருந்தும் கிடையாது.

கர்ட்டிஸ் பேயில் எரியுலை வரவில்லை. ஆனால் பக்கத்து நிலக்கரி முனையம் அங்கேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கே வெடிவிபத்து நடந்து, சுற்று வட்டாரம் முழுக்க ஜன்னல்கள் அதிர்ந்தன. வீட்டு முன்வாசலிலும் ஜன்னல் விளிம்பிலும் படியும் கருந்தூசி நிலக்கரிதான் என்று ஊர்மக்கள் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தத் தூசியைத் தாங்களே சேகரித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் செய்தார்கள். 2023இல் முடிவு வந்தது: நிலக்கரிதான். டெஸ்டினி படித்த அதே பள்ளியின் இன்றைய பிள்ளைகள் இப்போது அந்த முனையத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.